ஃபிலோமினா போட்ட மெட்டு

1

எறும்புக்கு முப்பது வயதாகிறதாம். போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வான்கூவரில் நான் இசையமைக்கச் சேர்ந்த அந்த வீடியோ கேம் கம்பெனியை ஒருவர் வாங்கி, அவரை இன்னொருவர் வாங்கி, வாசல் பலகையில் பெயர் மூன்று முறை மாறிவிட்டது. எறும்பு மட்டும் மாறவில்லை. சர்க்கரைக் கட்டிகளை உருட்டிப் பாலம் கட்டும் ஓர் எறும்பு, குழந்தைகளுக்கான விளையாட்டு. அது நன்றாக ஓடியதால் பிறகு தொலைக்காட்சியில் கார்ட்டூன் தொடராகவும் வந்தது. இரண்டுக்கும் ஒரே பாட்டுதான். மொத்தம் இருபத்திரண்டு வினாடி. எப்போது முடிந்தது, எப்போது மறுபடி தொடங்கியது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு இசையமைத்தவன் என்று உலகம் நம்புகிற ஆள் நான்.

உலகம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இந்த ஊரில் நாற்பதை நெருங்குகிற யாரிடமும் முதல் நாலு ஸ்வரத்தை முணுமுணுத்தால் மீதியை அவர்களே பாடுவார்கள். என் பல் டாக்டர் என்னை வாயைத் திறந்து வைத்திருக்கச் சொல்லிவிட்டு முழுசாகப் பாடிக் காட்டியிருக்கிறார். மறுத்துப் பேச முடியாத நிலையில் படுத்துக் கிடந்து பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

முப்பதாம் ஆண்டுக்கு ஓர் இசைத்தட்டும் அதோடு ஒரு சிறு புத்தகமும் போடுகிறார்களாம். கூடவே ஒன்பது பக்கப் படிவம். நாலாம் பக்கத்தில் ஒரு கேள்வி: இந்த இசைக்கு நீங்கள் ஒருவரே ஆசிரியரா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். இதே கேள்விக்கு இதற்கு முன் மூன்று முறை ஆம் போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். விளையாட்டுக்கு ஒரு முறை, கார்ட்டூனுக்கு ஒரு முறை, கைப்பேசியில் வந்தபோது ஒரு முறை. மூன்று முறையும் பேனா தயங்கவில்லை. இந்த முறை தயங்கியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, இனி பயப்பட மேலதிகாரி இல்லை என்பதுதான் காரணம் என்றால் அதைத் தைரியம் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

2

1991-இல் நான் படப்பையிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இன்றைக்கு அந்த வழியில் போகிறவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரகடம் கூட்டு ரோடு என்பது அப்போது ஒரு டீக்கடை, ஒரு சைக்கிள் கடை, பஸ்ஸுக்கு நிற்கிற நாலு பேர். பெரிய கம்பெனி வேலை என்றால் எல்லோருக்கும் மறைமலை நகர்தான். எங்களுடையது சின்ன கம்பெனி. டிவியில் செருகி விளையாடுகிற வீடியோ கேம் பெட்டிகளுக்குப் பாகங்களை வாங்கிவந்து ஒட்டி, பூட்டி, சோதித்து அனுப்புவார்கள். அறுபது பெண்கள், பத்துப் பன்னிரண்டு ஆண்கள். காலையில் கம்பெனி வேன் படப்பையில் என்னை ஏற்றிக்கொண்டு சேரப்பணஞ்சேரியில் நிற்கும். அங்கே ஏறுகிறவர்களில் ஒருத்தி ஃபிலோமினா.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்த டிரெய்னி. அவள் பத்தாவது முடித்துவிட்டு டெஸ்டிங் பெஞ்சில் இருந்தவள். எனக்கு இருபத்து நாலு, அவளுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கலாம். ஆனாலும் நான் சார். டிப்ளமோவுக்கு அந்த லைனில் அவ்வளவு மரியாதை.

டெஸ்டிங் என்றால் இதுதான். லைனில் ஒரு பெட்டி வரும். ஒயரைச் செருக வேண்டும், சுவிட்சைப் போட வேண்டும், எதிரே உள்ள சின்ன கறுப்பு வெள்ளை டிவியில் படம் வருகிறதா என்று பார்க்க வேண்டும், சத்தம் சரியாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும், கழற்றித் தள்ள வேண்டும். சத்தத்தைச் சோதிக்கப் பெட்டிக்குள்ளேயே ஒரு டியூன் வைத்திருந்தார்கள். பெட்டியில் இருந்த ஒலிச் சில்லு ஒரே சமயத்தில் மூன்று ஸ்வரங்களைத்தான் வாசிக்கும், அதாவது மூன்று குரல். வெளிநாட்டிலிருந்து வந்த டியூனில் மூன்றாவது குரல் ஒழுங்காகச் சோதிக்கப்படவில்லை, அதில் கோளாறு என்று வாடிக்கையாளர்கள் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். யாருக்காவது இசை தெரியுமா என்று மேனேஜர் கேட்டார். நான் மூன்று வருஷம் கீபோர்டு கற்றுக்கொண்டவன். கை தூக்கினேன்.

ஒரு வாரம் உட்கார்ந்து போட்டேன். ஸ்வரங்களை எண்களாக மாற்றி நோட்டில் எழுதி, கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக அடித்து ஏற்ற வேண்டும். எனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் ஒரு நிமிட டியூனில் கொட்டினேன். மேலே ஓடி, கீழே உருண்டு, மூன்று குரலும் ஒன்றையொன்று துரத்தும். மேனேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

3

டியூன் லைனுக்குப் போன நாலாம் நாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஃபிலோமினா என் மேசைக்கு வந்தாள். நெற்றி முழுக்கத் தைலம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பாட்டு மண்டையக் கொடையுது. எட்டு மணி நேரம் கேக்கறது நாங்கதான?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. மேனேஜரே பாராட்டிவிட்டார் என்றேன். மேனேஜர் ஒரு தடவை கேட்டார், நான் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் கேட்கிறேன் என்றாள். அதோடு நிற்கவில்லை. பாட்டு எங்கேயும் மூச்சு விடவில்லை, அதனால் பெட்டியில் லேசான இரைச்சல் இருந்தால் பாட்டு அதை மூடிவிடுகிறது, காலையிலிருந்து இரண்டு கெட்ட பெட்டிகளைத் தெரியாமல் தள்ளிவிட்டேன், மெமோ எனக்குத்தான் வரும், உங்களுக்கு வராது என்றும் சொன்னாள். அதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

வேறு எப்படி இருக்க வேண்டும், நீயே சொல்லேன் என்று சவால் விடுகிற மாதிரி கேட்டுவிட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. மேசை மேல் இருந்த ஒரு காலிப் பெட்டியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு, செருகுவது, சுவிட்சைப் போடுவது, பார்ப்பது, கேட்பது, கழற்றித் தள்ளுவது என்று கையால் செய்து காட்டிக்கொண்டே வாயை மூடியபடி முனகினாள். கை போகிற வேகத்துக்கு மெட்டு போயிற்று. கேட்கிற இடம் வந்ததும் மெட்டை நிறுத்தினாள். இரண்டு தட்டு நேரம் ஒன்றுமே இல்லை. அந்த மௌனத்தில்தான் பெட்டியின் இரைச்சல் காதில் விழும் என்றாள். பிறகு கழற்றுகிற கையோடு மெட்டு மறுபடி எழுந்தது. கடைசி ஸ்வரத்தில் அது இறங்கி உட்காரவில்லை, அந்தரத்தில் நின்றது. ஏன் என்று கேட்டேன். அடுத்த பெட்டி வந்துகொண்டிருக்கும்போது பாட்டு முடிந்த மாதிரி நின்றால் கையும் நின்றுவிடுகிறது, மறுபடி ஆரம்பிக்க அலுப்பாக இருக்கிறது என்றாள்.

ஒரு பெட்டிக்கு ஒரு சுற்று, இருபத்திரண்டு வினாடி. அவள் இன்னும் நாலைந்து தடவை முனக, நான் எண்களாக எழுதிக்கொண்டேன். கீழ்க் குரலையும் துணைக் குரலையும் நான் சேர்த்தேன். அதைக்கூட அவள் ஒரு இடத்தில் அதிகம் என்று குறைக்கச் சொன்னாள். திங்கட்கிழமை புது டியூன் லைனுக்குப் போயிற்று. தைல வாசனை நின்றது. இரைச்சல் பெட்டிகள் திரும்பி வருவதும் நின்றது. மேனேஜர் மறுபடியும் என் தோளில்தான் தட்டினார். அவள் அப்போது பெஞ்சில் இருந்தாள், கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தாள். இதை அவளும் சேர்ந்துதான் செய்தாள் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை.

4

அந்த வருஷக் கடைசியில் வான்கூவரில் இருந்த சித்தப்பா என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். விசா நேர்காணலில் எந்த ஊரில் வேலை என்று கேட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் என்றதும் அந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பெயர் உலகம் முழுக்க ஏன் தெரிந்திருந்தது என்பதை நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே என்ன வேலை என்றார். வீடியோ கேமுக்கு டியூன் போடுகிறேன் என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது, முத்திரை விழுந்தது. போடுகிறோம் என்று வரவில்லை; அந்த ஒருமை அப்போதே நாக்கில் ஏறிவிட்டது.

கிளம்புவதற்கு முன் அந்த டியூனை ஒரு கேசட்டில் பதிந்துகொண்டேன். வேனில் ஃபிலோமினாவிடம் சொன்னேன், எடுத்துக்கொண்டு போகிறேன் என்று. எடுத்துகினு போங்க சார், அங்கேயும் டெஸ்டிங் இருக்குமில்ல என்றாள். அங்கே உபயோகப்பட்டால் ஒரு வரி கடிதம் போடச் சொன்னாள். போடுகிறேன் என்றேன்.

இங்கே வந்து மூன்று குளிர்காலம் கிடங்குகளிலும் பழுது பார்க்கும் கடைகளிலும் கழிந்தது. பிறகு அந்தச் சின்ன கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் முறையாக இசை படித்தவர்கள். அவர்கள் போட்டுக் காட்டியவை எல்லாம் முதல் தடவை கேட்க அற்புதமாக இருந்திருக்கும். பாலம் கட்டுகிற குழந்தை ஒரே திரையில் ஒரு மணி நேரம் உட்காரும், அந்த ஒரு மணி நேரமும் அலுக்காத பாட்டு வேண்டும் என்றார்கள். என்னிடம் அது இருந்தது. எட்டு மணி நேரம் கேட்ட காது ஒன்று திருத்திக் கொடுத்த பாட்டு அது.

கேசட்டைக் கேட்டுவிட்டு அந்த மேலாளர் கேட்டார், நடுவில் இந்த மௌனம், இது உங்கள் பாரம்பரியத்திலிருந்து வருகிறதா என்று. என் ஆங்கிலம் அப்போது அரைகுறை. மெமோ, இரைச்சல், டெஸ்டிங் பெஞ்ச் என்று விளக்க வார்த்தை கூடவில்லை. ஆமாம் என்றேன். வேலை கிடைத்தது. இது வரைக்கும் வேண்டுமானால் மொழியைக் குற்றம் சொல்லலாம். இதற்குப் பிறகு சொன்னதெல்லாம் நல்ல ஆங்கிலத்தில் சொன்னது.

ஆமாம் என்பது வளர்ந்தது. அந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்று கேட்ட ஒரு பத்திரிகைக்குக் கோயில் குளம் என்றேன். இன்னொன்றுக்கு விடியற்காலைத் தியானம் என்றேன். படப்பையில் நான் பார்த்த குளத்தில் எருமைகள்தான் தியானத்தில் இருந்தன. பிறகு ஒரு பல்கலைக்கழகத்தில் கூப்பிட்டு, கீழைத்தேய இசையில் மௌனத்தின் இடம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நாற்பது நிமிடம் பேசினேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஒரு பெண் நெற்றியில் தைலத்தோடு என் மேசைக்கு முன் உட்காராமல் நிற்பது தெரிந்தது. மறுநாள் சரியாகிவிட்டது. மனிதன் எதற்கும் பழகிக்கொள்வான், நான் சீக்கிரமே பழகிக்கொண்டேன்.

5

என் மகள் நிலா டொராண்டோவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். எங்கள் பேச்சு, உடம்பு எப்படி, குளிர் எப்படி என்று இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. எனக்கு அவள் ஆங்கிலம் புரியும், அவள் புரியவில்லை. எங்களுக்கு இடையில் கெட்டியாக இருந்த ஒரே பொருள் அந்த எறும்புப் பாட்டுதான். பள்ளிக்கூடத்தில், என் அப்பாவின் மௌனம் என்று ஒரு கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாள். குளம், மணி, விடியற்காலை, எல்லாம் அதில் உண்டு. அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியது நான்தான்.

படிவம் வந்த பிறகு ஒரு ஞாயிறு அவளிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றுதான், அந்த அம்மாவின் முழுப் பெயர் என்ன என்று.

எனக்குத் தெரியவில்லை. இனிஷியல் தெரியாது, அப்பா பெயர் தெரியாது, கல்யாணம் ஆனதா என்று தெரியாது. எங்கள் லைனில் இரண்டு ஃபிலோமினாக்கள் இருந்ததால் அவள் டெஸ்டிங் ஃபிலோமினா. முப்பது வருஷம் அவள் மெட்டில் சோறு தின்றவனுக்கு அவளைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். நிலா போனை வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு கூப்பிடவில்லை.

நாலாம் பக்கத்தில் இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் கம்பெனியின் வக்கீல் பேசினார், மரியாதையான பெண்மணி. இதற்கு முன் மூன்று முறை நீங்கள் ஒருவரே என்று உறுதிமொழி கொடுத்திருக்கிறீர்கள், இப்போது இன்னொரு பெயரைச் சேர்க்க அந்தக் காலத்து எழுத்து ஆதாரம் வேண்டும் என்றார். நோட்டு இருக்கிறதா? நோட்டில் இருப்பது என் கையெழுத்து. சாட்சி? மேனேஜர் இறந்துவிட்டார், கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். அப்படியென்றால் இந்தப் பதிப்பில் முடியாது என்றார். நான் சொல்கிறேனே, அது போதாதா என்று குரலை உயர்த்தினேன். நீங்கள்தான் சார் மூன்று முறை வேறு மாதிரி சொல்லியிருக்கிறீர்கள் என்றார். அவர் பேரில் தப்பு எதுவும் இல்லை.

6

படப்பையில் மனை விற்கிற என் மாமா பையன் சேகரிடம் விஷயத்தைச் சொன்னேன். இரண்டே நாளில் நம்பர் கொடுத்தான். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாக கம்பெனியின் கேன்டீனில் ஃபிலோமினா வேலை செய்கிறாள், வீடு அதே சேரப்பணஞ்சேரி. கணவர் இல்லை. ஒரு மகன், அந்தோணி, அதே பக்கத்தில் இன்னொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். கல்யாணமாகி மருமகளும் கூடவே இருக்கிறாள்.

எனக்குக் காலை எட்டு மணி, அவளுக்கு ராத்திரி. படப்பை மோகன் பேசுகிறேன், வீடியோ கேம் கம்பெனி என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நல்லா கீறீங்களா சார்? கடுதாசி போடறேன்னு போனீங்க" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை, நேற்று விட்ட பேச்சைத் தொடர்கிற மாதிரி.

முதலில் வாயில் வந்தது ஐ ஆம் சாரி. கடையில் யார் தோளிலாவது இடித்தால் சொல்கிற வார்த்தை. பிறகு தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன், எறும்பு, கார்ட்டூன், குளம், மூன்று கையெழுத்து. முடித்ததும், கேமில் வந்தது எனக்கு அப்போதே தெரியும் சார் என்றாள்.

அந்தோணி ஏழாவது படிக்கும்போது படப்பை பிரவுசிங் சென்டரில் அந்த விளையாட்டை ஆடிவிட்டுப் பாட்டை முனகிக்கொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறான். டேய், இது நான் போட்ட மெட்டுடா என்று சொல்லியிருக்கிறாள். பையனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருக்கிறான். விளையாட்டை முடித்த ஒருவன் கடைசித் திரையில் வருகிற பெயரைக் காட்டியிருக்கிறான். அதில் என் பெயர்தான் இருந்தது. அன்றைக்கு அந்தோணிக்கு டுபாக்கூர் என்று பெயர் வைத்தார்கள். பத்தாவது முடிக்கிறவரை அதுதான் பெயர். ஏம்மா எங்கிட்டப் பொய் சொன்ன என்று ஒரு தடவை கேட்டானாம், அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லையாம். இப்போதும் அவள் எதையாவது கொஞ்சம் பெரிதாகச் சொல்லிவிட்டால், அத்தைதான் கேமுக்கே பாட்டுப் போட்டவங்களாச்சே என்று மருமகள் சிரிப்பாளாம். அவனும் சேர்ந்து சிரிப்பானாம்.

கெட்டவன் இல்ல சார், நல்லா பாத்துக்கறான் என்று உடனே சொன்னாள். என் பொய்யால் ஒரு பெயர் ஒரு புத்தகத்தில் வராமல் போயிற்று என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரு தாய் தன் வீட்டிலேயே பொய்க்காரியாக வாழ்ந்திருக்கிறாள் என்பது என் கணக்கில் இல்லவே இல்லை.

உங்கள் பெயரைச் சேர்க்க எப்படியாவது முயல்கிறேன் என்றேன்.

"பேரெல்லாம் வேணாம் சார். எம்புள்ளைக்கு ஒரு போன் போட்டு, உங்கம்மா சொன்னது நெசம்னு சொல்லிடுங்க. அது போதும்."

7

மறுநாள் அந்தோணியின் ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்குக் கூப்பிட்டேன். பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. என் பெயரைச் சொன்னதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் திரையில் பார்த்த பெயர் மறக்காது போல. சொல்லுங்க சார் என்றான், பணிவாக.

சொன்னேன். தைலத்திலிருந்து தொடங்கி, பெட்டியை இழுத்து வைத்து அவள் முனகியது, இரண்டு தட்டு மௌனம், மேனேஜர் என் தோளில் தட்டியது வரை. அதைப் போட்டது உங்கள் அம்மா, திருடியது நான் என்று அந்த வார்த்தையையே சொன்னேன். நான் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாகப் பேசியதில்லை.

கேட்டுக்கொண்டான். பிறகு, அப்படியென்றால் இப்போது வரப்போகிற புத்தகத்தில் அம்மா பெயர் வருமா சார் என்றான். இந்தத் தடவை வராது, எழுத்து ஆதாரம் இல்லை என்கிறார்கள் என்றேன். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது.

"அம்மாதான் சொல்லச் சொல்லிச்சா சார்?"

என்னால் அந்தக் கேள்விக்கும் பொய் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றேன். ஆனால் நான் சொல்வது சத்தியம் என்றேன். என் பெண் மேல் ஆணையாகச் சொல்கிறேன் என்றேன். எதிர்ப்பக்கம் ஒரு பஸ் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அவன் பேசியபோது குரலில் கேலி துளியும் இல்லை. வயசான ஒருத்தரிடம் பேசுகிற அன்புதான் இருந்தது.

"பெரிய மனசு சார் உங்களுக்கு. அதுக்கோசரம் அவ்ளோ தூரத்துலேந்து போன் பண்ணிக்கீறீங்க. நான் நம்பிட்டேன்னே அம்மாகிட்ட சொல்லிடறேன். நீங்க கவலப்படாதீங்க."